குட்டிப் பிள்ளைகளுக்கு வாசிப்புத் துணையாகப் போவது எப்படி? கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி தமிழ்ப் பாடப்புத்தகத்தை விரித்துக் கணீரென்று வாசித்தாள். ஒரு பிசிறு இல்லை. நான் அவள் விரலைப் பார்த்தேன். வாய் நான்காவது வரிக்குப் போயிருந்தது, விரல் இன்னும் முதல் வரியிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன கண்ணு?" என்றேன். அவள் முதல் வரிக்குப் போனாள். அங்கிருந்து வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வந்து, நான் தொட்ட சொல்லில் நின்று பதில் சொன்னாள். பதில் சரிதான். ஆனால் அவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை, முழுப் பாடமும் மனப்பாடம்.

முப்பது பிள்ளைகள் சேர்ந்து உரக்கச் சொல்லும் வகுப்பில் இது யார் கண்ணிலும் படாது. ஆசிரியர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதைத் தனித்தனியாகக் கேட்க நேரம் எங்கே இருக்கிறது? நம்மால் கொடுக்க முடிந்தது அந்த நேரத்தைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு குழந்தை வாசிப்பதை அவசரமில்லாமல் கேட்கும் ஒரு அக்கா, ஒரு அண்ணா. இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றியேதான் இருக்கும். கல்லூரியில் மூன்று ஆண்டு நானே போனேன். அப்புறம் இளையவர்களைச் சேர்த்து அனுப்பி வருகிறேன். எங்கள் பக்கம் புதுக்கோட்டை. எழுதுவது பெரும்பாலும் அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை, அதிலும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை படிப்பவர்களை மனதில் வைத்து.

1. முதலில் உங்கள் காலண்டரைப் பாருங்கள்

எங்கள் முதல் வருஷம் 11 பேர் பெயர் கொடுத்தோம். மூன்றாவது வாரம் பள்ளிக்குப் போனது 4 பேர்தான். இன்டர்னல் தேர்வு, ரெக்கார்டு நோட்டு, ஊரில் திருவிழா, எல்லாம் நியாயமான காரணங்கள்தான். அன்று ஒரு பையன் வாசல் கேட்டிலேயே நின்றுவிட்டான். "எங்க அண்ணா வரலயா?" என்றான். வேறொருவர் பக்கத்தில் உட்கார வைத்தோம், புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அடுத்த இரண்டு வாரம் அவன் எங்கள் பக்கமே வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு, தான் தடுமாறுவதை ஒருவர் முன்னால் காட்டுவதே பெரிய விஷயம். காட்டியபின் அந்த ஆள் காணாமல் போனால் அது எங்கே போய் நிற்கும்?

அதனால் "வருஷம் முழுக்க வருவோம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பள்ளிக்குக் காலாண்டுத் தேர்வு செப்டம்பரில், அரையாண்டு டிசம்பரில், முழு ஆண்டுத் தேர்வு ஏப்ரலில். உங்களுக்கு நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு நல்ல இடைவெளி கிடைக்கும். ஜூலை இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் நடு வரை ஒரு 10 வாரம், பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் கடைசி வரை இன்னொரு 10 வாரம். இதை மட்டும் சொல்லுங்கள், இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1969-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். வாரம் இரண்டு முறை, போக வரச் சேர்த்து ஒன்றரை மணி என்று வைத்தால், 20 வாரத்தில் 60 மணி ஆகிறது. ஆண்டுக் கணக்கில் பாதி இதிலேயே வந்துவிடும். சான்றிதழ் கிடைப்பது நல்லதுதான். வருகைப் பதிவேட்டுக்காக மட்டும் வருகிற நண்பரை மரம் நடும் குழுவில் சேர்த்துவிடுங்கள். மரம் யாரையும் தேடி வாசலில் நிற்காது.

2. எங்கே போவது, யாரிடம் கேட்பது

பள்ளி என்றால் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர் மூலமாகக் கல்லூரி முதல்வரின் கடிதம் வாங்கிக்கொண்டு தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். வட்டாரக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும் என்று அவர் சொல்லலாம், அதற்கும் ஒரு நகல் கையில் இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம். அந்தக் கூட்டம் நடக்கும் நாளில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, நீங்கள் யார், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டால் பிற்பாடு பாதிச் சிக்கல் வராது.

கேட்கும் விதம் முக்கியம். "உங்கள் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை, நாங்கள் சொல்லித் தருகிறோம்" என்ற தொனி துளி இருந்தாலும் கதவு சாத்திக்கொள்ளும், சாத்தவும் வேண்டும். "டீச்சர், வாரம் இரண்டு நாள் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் 12 பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கிறோம். யாரை அனுப்பலாம் என்று நீங்களே சொல்லுங்கள்." இப்படிக் கேளுங்கள். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் காதுபட "நீ அரும்பா?" என்று கேட்காதீர்கள்.

பள்ளி சரிப்படவில்லை என்றால் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம். சனி, ஞாயிறு காலையில் நூலகரோடு பேசி ஒரு மூலையைக் கேளுங்கள். பல நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது, அதன் பெரியவர்கள் இந்த மாதிரி வேலைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். இல்லம் தேடிக் கல்வி மையம் நடக்கிற தெருவாக இருந்தால் முதலில் அந்தத் தன்னார்வலரைப் பாருங்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்து இழப்பைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம் அது. மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை தெருவிலேயே உட்கார்ந்து சொல்லித் தந்தவர்கள் அவர்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று அவர்களுக்கு அத்துப்படி.

எங்கள் ஊரில் பேத்தியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்த ஒரு பாட்டி, நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அறிவொளி மாதிரி இருக்குப்பா" என்றார். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்த அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்துக் கற்றவர் அவர். அப்போதே சைக்கிளும் கற்றுக்கொண்டாராம். அந்த இயக்கத்தில் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகியது நாடறிந்த கதை. அதன் பிறகு நாங்கள் போன நாளெல்லாம் அந்தப் பாட்டி வந்தார். பேத்தி வாசிக்க வாசிக்க, பின்னால் உட்கார்ந்து அவரும் உதட்டை அசைத்து வாசிப்பார்.

3. புத்தகங்கள்

12 பிள்ளைகளுக்கு 40 மெல்லிய புத்தகங்கள் போதும். நூறு வாங்கி அலமாரியில் பூட்டுவதைவிட, நாற்பதைக் கிழியும் வரை கையில் கொடுப்பது மேல்.

பள்ளியிலேயே முதலில் கேளுங்கள். அரசின் வாசிப்பு இயக்கம் தந்த சின்னச் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் இருக்கும். சில இடங்களில் அவை கட்டுப் பிரிக்காமல் கூட இருக்கும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கி அச்செடுத்துக்கொள்ள உரிமமும் உண்டு. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, மடித்து, ஸ்டேப்ளர் அடித்தால் ஒரு புத்தகம். காசு கொடுத்து வாங்குவதானால் தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகளைப் பாருங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வரி, பெரிய எழுத்து, வரியில் இருப்பது படத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். வீடுகளிலிருந்து நன்கொடையாக வரும் பழைய புத்தகங்களில் ஒரு கண் வையுங்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சானவற்றில் ணை, லை, னை, றா போன்ற எழுத்துகள் தும்பிக்கை வைத்தும் சுழித்தும் வேறு வடிவில் இருக்கும். நமக்குப் பழகிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை அதில் முட்டி நின்று, தனக்குத்தான் எழுத்துத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, இது என் கட்சி. ஒவ்வொரு கதைக்குக் கீழும் நீதி எழுதியிருக்கும் புத்தகங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். கதை முடிந்ததும் "இதிலிருந்து நீ என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே கதை கேட்காத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நரி ஏமாந்ததற்குச் சிரித்தால் போதும்.

4. முதல் நாள்

வாசிக்கச் சொல்லாதீர்கள். பெயர் கேளுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள், பாயில் அவர்களோடு தரையில் உட்காருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் நீங்கள் இன்னொரு சார், இன்னொரு மிஸ். பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லச் சொல்லுங்கள், ஆளுக்கொரு காக்கா வரும். ஒரு பையன் சொன்ன கதையில் காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துவிட்டுப் பாடியது. இன்னொருத்தி கதையில் பாட்டி நரியைத் துடைப்பத்தால் துரத்தினாள். கதை சொல்லும்போதே யாருக்குக் கூச்சம், யாருக்கு வாக்கியம் கோர்வையாக வருகிறது, யாருக்கு வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ என்று தெரிந்துவிடும்.

யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதை இரண்டாவது, மூன்றாவது நாளில் பார்க்கலாம். பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வில் 2005 முதல் பயன்படுத்தும் படிக்கட்டு எளிமையானது: எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை. அதே வரிசையில் நான்கு அட்டை தயார் செய்துகொள்ளுங்கள். எழுத்து அட்டையில் வரிசையைக் கலைத்துப் போடுவது அவசியம். "க கா கி கீ" என்று பாட்டாகத் தெரிந்த பிள்ளை, கூ-வைக் காட்டினால் க-விலிருந்து பாடிக்கொண்டே வந்துதான் கூ என்று சொல்லும். தனியாக உட்கார வைத்து, விளையாட்டு மாதிரி, இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், பேனாவைக் கையிலேயே எடுக்காதீர்கள். பிள்ளை போனபின் எழுதிக்கொள்ளலாம்.

5. ஒரு மணி நேரம் எப்படிப் போகும்

பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குப் பசி. முதல் பத்து நிமிடம் தண்ணீர், கடலை மிட்டாயோ சுண்டலோ, பேச்சு. அடுத்த 15 நிமிடம் எல்லாரும் வட்டமாக, ஒரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டுவது. பிறகு 20 நிமிடம் ஒரு தன்னார்வலருக்கு மூன்று பிள்ளை என்று பிரிந்து, ஒவ்வொருவராக உங்களுக்கு வாசித்துக் காட்டுவது. ஒருவர் வாசிக்கும்போது மற்ற இருவர் படம் பார்க்கட்டும், தங்களுக்குள் வாசிக்கட்டும். மூன்றுக்கு மேல் பிள்ளைகளை ஒருவர் வைத்துக்கொண்டால் கேட்பது போய் மேய்ப்பது ஆகிவிடும். மீதி நேரத்தில் கதையில் பிடித்ததை வரைவது, கீழே ஒரு வரி எழுதுவது, வீட்டுக்கு ஒரு புத்தகம் எடுத்துக்கொள்வது.

புத்தகத்தை வீட்டுக்குக் கொடுங்கள். கிழியும், மழையில் நனையும், தம்பி கிறுக்குவான், ஒன்றிரண்டு திரும்பியே வராது. டேப் ஒட்டிக்கொள்ளலாம். அபராதம், அதட்டல் எதுவும் வேண்டாம், தொலைத்த பிள்ளை வராமல் நின்றுபோனால் இழப்பு பெரிது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "பாப்பா வாசிச்சா பக்கத்துல உக்காந்து கேளுங்க, போதும்."

6. நீங்கள் வாசித்துக் காட்டும்போது

முந்தின நாள் வீட்டில் ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள். புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு வாசிக்கப் பழக ஒரு வாரம் ஆகும். சொல்லுக்குக் கீழே விரல் ஓடட்டும், எல்லாப் பக்கத்திலும் வேண்டாம், திரும்பத் திரும்ப வரும் வரியில் மட்டும். "டம் டம் டமார்" என்று மூன்று முறை வந்தால் நான்காவது முறை நீங்கள் நிறுத்துங்கள், அவர்கள் கத்துவார்கள். அதுவும் வாசிப்புத்தான்.

நடுவில் பேசவிடுங்கள். அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு, படப்புத்தகம் வாசிக்கும்போது வெறுமனே வாசித்துப் போகாமல் கேள்வி கேட்டு, குழந்தை சொல்வதை நீட்டிப் பேசப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றக் குழந்தைகளைவிட முன்னால் போயிருந்தது. நாம் செய்ய வேண்டியதும் அதுவே. "இது என்ன?" என்று கேட்டால் "யானை" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துபோகும். "யானை ஏன் அங்க போய் ஒளிஞ்சுது?" என்று கேளுங்கள். பிள்ளை "குளிக்கச் சொல்வாங்கல்ல" என்று சொன்னால், "ஓ, குளிக்கப் பயந்து ஒளிஞ்சிருக்கா? உனக்கும் பயமா?" என்று அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போங்கள். கதை பத்து நிமிடம் நின்றாலும் பரவாயில்லை.

அதே கதையை மறுபடி கேட்பார்கள். வாசியுங்கள். உங்களுக்கு அலுக்கும் நாளில்தான் அவர்களுக்கு அது சொந்தமாகிறது.

7. குழந்தை வாசிக்கும்போது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் உடனே சொல்லிவிடத் தோன்றும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பாதிப் பிள்ளைகள் நான்கிலேயே சொல்லிவிடும். ஐந்து தாண்டினால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மேலே போங்கள். எழுத்துக் கூட்டச் சொல்லி ஒரே சொல்லில் இரண்டு நிமிடம் வாட்டினால், வாக்கியத்தின் தொடக்கம் பிள்ளைக்கு மறந்துபோகும். எல்லாத் தப்பையும் திருத்தாதீர்கள். பொருள் மாறினால் மட்டும், அதுவும் வரி முடிந்தபின். "பல்லிக்குப் போனான்" என்று வாசித்த பையனிடம், "எங்க போனான்?" என்று மட்டும் கேட்டேன். படத்தைப் பார்த்தான், எழுத்தைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான். ள-வை அவன் அதன்பின் மறக்கவில்லை.

தமிழ் எழுத்து எங்கே பிள்ளையைத் தடுக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் உங்கள் காது கூர்மையாகும்.

ஒன்று, கொம்பு. 'கொ' என்ற ஓசை ஒன்று, கண்ணுக்கு வரிசையாகத் தெரிவது மூன்று: ஒற்றைக் கொம்பு, க, துணைக்கால். கொம்பு க-வுக்கு முன்னால் நிற்கிறது, ஓசையில் பின்னால் வருகிறது. போதாததற்குத் துணைக்கால் பார்ப்பதற்கு ர மாதிரியே இருக்கிறது. அதனால் 'கொடி' என்பதைக் 'கெ... ர... டி' என்று வாசிக்கும் பிள்ளைகள் நிறைய. அது கவனக்குறைவே இல்லை, பார்த்ததைப் பார்த்தபடி வாசித்திருக்கிறது. அட்டையில் 'கெ' எழுதி, தனித் துண்டில் துணைக்கால் எழுதி, பக்கத்தில் நகர்த்தி ஒட்டிக் காட்டுங்கள். "கால் வந்து ஒட்டினா கெ என்ன ஆச்சு?" பத்துச் சொல்லில் இதை விளையாடினால் பிடிபட்டுவிடும்.

அடுத்தது, உ, ஊ வரிசை. மற்ற வரிசைகளில் குறி அநேகமாக ஒரே மாதிரி. இங்கே கு, சு, டு, பு, மு என்று ஆளுக்கொரு வடிவம். 247 எழுத்தில் பிள்ளைகளை அதிக நாள் காக்க வைப்பது இந்த வரிசைதான். சட்டம் எதுவும் சொல்லாமல் புலி, முயல், குதிரை, சுண்டல் என்று படத்தோடு சேர்த்துப் பழக்குங்கள்.

அப்புறம் வல்லினத்தின் ஓசை. 'பம்பரம்' என்ற சொல்லில் இரண்டு ப-வும் ஒரே எழுத்து, ஓசை வேறு வேறு. 'காகம்' என்பதைக் 'காக்கம்' என்று வாசித்தால் எழுத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. "நாம எப்படிச் சொல்லுவோம்?" என்று கேளுங்கள். காதில் அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது, தானே திருத்திக்கொள்ளும். காதில் இல்லாத சொல்லுக்குத்தான் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நீளமான சொற்கள். 'ஓடிக்கொண்டிருந்தது' என்ற ஒரே சொல், சின்னப் பிள்ளை கண்ணுக்கு ரயில் மாதிரி. ஆள்காட்டி விரலால் மறைத்து 'ஓடி' மட்டும் காட்டுங்கள். அடுத்து 'க்கொண்டி' தெரியும்வரை விரலை நகர்த்துங்கள். கடைசியில் 'ருந்தது'. மூன்றையும் சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். புள்ளி வைத்த எழுத்து அடுத்தடுத்து வரும் 'பார்த்தான்', 'வாழ்க்கை' போன்ற சொற்களுக்கும் இதே விரல் வித்தைதான்.

ழ, ள, ல விஷயத்தில் ஒரு வார்த்தை. வீட்டில் வாளப்பளம் என்று பேசும் பிள்ளை புத்தகத்திலும் அப்படியே வாசிக்கும். பார்த்த எழுத்து ழ என்று அதற்குத் தெரிந்தால் இன்றைக்குப் போதும். நாக்கை மடக்கச் சொல்லி நாலு பேர் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். அது அவன் அம்மா பேசும் பேச்சு. மூணு சுழி ண, ரெண்டு சுழி ன குழப்பமும் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம், வாசிக்கும்போது அவசரமில்லை.

8. வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும்

ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் 'வந்தார்கள்' என்ற சொல்லை வ, ந், தா, ர், கள் என்று சரியாகக் கூட்டி முடித்தான். முகத்தில் ஒன்றுமே இல்லை. "யாரு என்ன பண்ணாங்க?" என்றேன். தெரியவில்லை. "உங்க வீட்டுக்கு மாமா அத்தை வந்தா என்ன சொல்லுவே?" "வந்தாங்க." சொல்லிவிட்டுப் புத்தகத்தை ஒருமுறை பார்த்தான். "அக்கா, இதுதான் அதுவா?" என்றான். அப்புறம், "அப்ப ஏன் இப்படி எழுதியிருக்காங்க?" என்றான்.

நல்ல கேள்வி. ஏழு வயதில் அவன் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறான். எழுத்தை ஓசையாக்குகிறான், வீட்டில் யாரும் பேசாத வடிவத்தைத் தான் பேசும் சொல்லோடு பொருத்துகிறான். இரண்டாவது வேலையில் அவனுக்கு உதவி தேவை என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. எழுத்தெல்லாம் தெரிந்தும் பொருள் புரியாமல் வாசிக்கும் பிள்ளைகளில் பலர் நிற்கும் இடம் இதுதான் என்பது என் அனுபவம்.

செய்ய வேண்டியது எளிது. புத்தக வரியை வாசித்ததும், "இதையே உங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவே?" என்று கேளுங்கள். 'ஓடிக்கொண்டிருந்தது' என்பது 'ஓடிக்கிட்டு இருந்துச்சு' ஆகும். 'இல்லை' என்பது 'இல்ல', 'வேண்டும்' என்பது 'வேணும்'. நாளுக்கு நான்கைந்து சொல். இதை இருபுறமும் ஆடலாம்: நீங்கள் வீட்டுச் சொல்லைச் சொல்ல, அவர்கள் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் எழுதும் ஒரு வரி பேச்சிலேயே வந்தால் அதை அடித்துத் திருத்தாதீர்கள். "நாயி என்ன கடிக்க வந்துச்சு" என்று ஒரு பிள்ளை தானாக எழுதிக்கொண்டு வந்தால், அன்று அந்தத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள்.

9. பிள்ளைகளின் பாதுகாப்பு

இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. எந்தத் தன்னார்வலரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எல்லாரும் எல்லார் கண்ணிலும் படும்படி வராந்தாவிலோ மரத்தடியிலோ கூடத்திலோ உட்காருங்கள். பள்ளி ஆள் ஒருவர் வளாகத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடுவது வேண்டாம். யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று முதல் வாரமே எழுதி வையுங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ இன்ஸ்டாவிலோ போடாதீர்கள். வாசிக்கத் திணறும் ஒரு குழந்தையின் படம் நம் சேவைக்குச் சாட்சியாக வேண்டியதில்லை.

யாரோ அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று பிள்ளை சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காமல் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்றே தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 14417 நம் மாநிலப் பள்ளிக்கல்வி உதவி எண். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது குற்றம். இது மாணவருக்கும் பொருந்தும்.

புத்தகத்தை மூக்கருகில் வைத்து வாசிக்கும் பிள்ளை, கண்ணைச் சுருக்கும் பிள்ளை இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் உண்டு. பல வாரம் ஆகியும் ஒரு பிள்ளை எழுத்திலேயே நின்றால் நீங்களே நோய்ப் பெயர் வைக்காதீர்கள். நீங்கள் கவனித்ததை மட்டும் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்ப்பார்கள்.

10. நோட்டும் கைமாற்றமும்

பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி 80 பக்க நோட்டு ஒன்று போடுங்கள். அன்றன்று வீட்டுக்குக் கிளம்பும் முன் மூன்று வரி: என்ன வாசித்தான், எங்கே நின்றான், எதற்குச் சிரித்தான். மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க அதுதான் வழி காட்டும். நாய்க்குச் சிரித்தவனுக்கு நாய்க் கதை, லாரியைப் பார்த்துக் கண் விரிந்தவளுக்கு லாரிக் கதை. ஐந்தாவது வாரமும் பத்தாவது வாரமும் அந்த நான்கு அட்டையை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதை ஆசிரியரிடம் மட்டும் காட்டுங்கள், பிள்ளைகளுக்குள் ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

முடியும் தேதியை மூன்று வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லுங்கள், விரல் விட்டு எண்ணட்டும். கடைசி நாளில் பரிசளிப்பு விழா, முதல் பரிசு, மேடை எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த புத்தகத்தைத் தான் விரும்பியவருக்கு வாசித்துக் காட்டட்டும். எங்கள் இரண்டாம் வருஷக் கடைசி நாளில், அந்த மனப்பாடப் பெண் குழந்தை என்னைக் கூப்பிடவே இல்லை. வாசலில் காத்திருந்த தன் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பாயில் உட்கார வைத்தாள். விரல் ஒரு சொல்லின் கீழ் நின்றது, வாயும் அங்கேயே நின்றது. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இரு, நான் சொல்றேன்" என்றாள்.

நீங்கள் இறுதியாண்டு என்றால் அடுத்த குழுவைக் கடைசி இரண்டு வாரமும் உங்களோடு கூட்டிப்போங்கள். உங்கள் மூன்று பிள்ளைகளையும் புதியவர் பக்கத்தில் நீங்களே உட்கார வைத்து, நோட்டைக் கைமாற்றுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் போன் எண்ணை எழுதிவையுங்கள். முதல் மாதம் அவர்கள் கட்டாயம் கூப்பிடுவார்கள்.